மார்சியோ ஒரு தடவைதான் கேட்பான்

ஜப்பானில் எங்கள் கடலோர ஊரான கமேஹாமாவில் நோபுயோவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் 'வேண்டாம்' சொல்லிக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. தேநீர் குடிக்கிறீர்களா என்று யாராவது கேட்டால், முகத்துக்கு முன்னால் கையை விசிறி மாதிரி ஆட்டி, "ஐயையோ, எதுக்குங்க, வேண்டாம் வேண்டாம்" என்பாள். இரண்டாவது தடவை கேட்டால், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பாள். மூன்றாவது தடவை கேட்டால், "சரி, இவ்வளவு தூரம் சொல்றீங்க" என்று உட்கார்ந்து, தேநீரோடு வைத்த அரிசி பிஸ்கட்டையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். இதில் பொய்யுமில்லை, பாசாங்குமில்லை. எங்கள் ஊரில் எல்லாருமே அப்படித்தான். முதல் தடவையே 'கொடுங்க' என்று கையை நீட்டுகிறவனைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதை நான் வேறு சொல்ல வேண்டுமா? ஆனாலும் நோபுயோவின் 'வேண்டாம்' இருக்கிறதே, அதில் ஒரு தனி அழகு உண்டு. கேட்கிறவருக்கு இன்னும் இரண்டு தடவை கேட்கத் தோன்றும்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. மலையைத் தாண்டிச் சபாயேவில், மூக்குக்கண்ணாடி செய்யும் பட்டறையில் ஃபிரேமுக்கு மெருகு போடுகிற வேலை. காலையில் தன் குட்டிக் காரில் போனால் சாயங்காலம் திரும்புவாள். புருஷன் தமோட்சு கணவாய் மீன் பிடிக்கிற படகில் போகிறவன். அவன் வீட்டில் இருக்கும்போது இவள் பட்டறையில், இவள் வீட்டில் இருக்கும்போது அவன் கடலில். "அதனாலதான் இத்தனை வருஷமா சண்டை இல்லாம ஓடுது" என்பது நோபுயோவின் கட்சி. தமோட்சுவின் கட்சி என்ன என்று யாருக்கும் தெரியாது; அவன் வாயைத் திறந்தால்தானே.

மற்றபடி அவள் உயிர் எங்கள் ஊர் முரசுக் குழுவில்தான் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக அவளுக்குச் சின்ன முரசு. முன்னால் நிற்கிறவர்கள் கையைச் சுழற்றிக் குதித்து 'சோரே!' என்று கத்தி அமர்க்களம் செய்யும்போது, பின்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து 'தெகெ தெகெ தெகெ தெகெ' என்று ஒரே சீராக அடித்துக்கொண்டே இருக்கிற வேலை. அந்தத் தெகெ தெகெ நின்றுவிட்டால் முன்னால் நடக்கிற ஆட்டமெல்லாம் அம்போ. ஆனால் கைதட்டுகிறவர்களில் எவன் பின்வரிசையைப் பார்க்கிறான்?

நோபுயோவுக்கு ஆசை பெரிய முரசின் மேல். அது ஒற்றை மரத்தைக் குடைந்து செய்தது. மேடைக்கு நடுவில் உயரமாகப் படுத்திருக்கும். அடிக்கிறவர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி, அதன் முகத்துக்கு நேரே நின்று, தலைக்கு மேல் கையை ஓங்கி அடிக்க வேண்டும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், துறைமுகத் திருவிழாவில் முதன்முதலாக அதைக் கேட்டபோது, சத்தம் காதுக்கு வராமல் நேராக வயிற்றுக்குள் போய்விட்டது. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்குப் பிடித்த ஆசை. அதை எப்போதும் ஆம்பிளைகள்தான் அடித்து வந்தார்கள். பொம்பிளை அடிக்கக் கூடாது என்று எவரும் சொன்னதில்லை. நீ அடிக்கிறாயா என்று எவரும் கேட்டதுமில்லை. கேட்காமல் எப்படிச் சொல்வது? ஆகவே புருஷனின் படகுக் கொட்டகையில் ஒரு பழைய லாரி டயரை நிறுத்தி வைத்து, பட்டறையிலிருந்து வந்ததும் அதைப் போட்டு வெளுத்துக்கொண்டிருந்தாள். டயர் கொடுத்தவள் ஹருமி. பெட்ரோல் பங்க் நடத்துகிறவள், குழுவில் புல்லாங்குழல் வாசிக்கிறவள், இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நோபுயோவுக்குச் சிநேகிதி. டயர் விஷயம் அவளுக்கும் தமோட்சுவுக்கும் மட்டும்தான் தெரியும். தமோட்சு அதைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "நல்லவேளை, என்னை அடிக்கல."

குழுவுக்குத் தலைவன் மார்சியோ. தாத்தா காலத்தில் பிரேசிலுக்குக் கப்பலேறிய குடும்பம். இவன் பிறந்து வளர்ந்தது எல்லாம் சாவோ பாவ்லோவில். இருபது வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊர்த் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து, முரசுச் சத்தம் கேட்டு எங்கள் குழுவில் சேர்ந்து, சுறுசுறுப்பினால் தலைவனாகவும் ஆனான். தங்கமான ஆள். எங்கள் கடற்கரைப் பேச்சை எங்களைவிட நன்றாகப் பேசுவான். ஒரே ஒரு குறை. எதையும் ஒரு தடவைதான் கேட்பான். குழுவின் வருஷக் கடைசி விருந்தில் பாட்டிலோடு வந்து "பீர் ஊத்தட்டுமா?" என்பான். "வேண்டாம் வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் பாட்டில் அடுத்த மேஜைக்குப் போய்விடும்.

போன கோடையில் போர்ச்சுகலிலிருந்து அழைப்பு வந்தது. லிஸ்பன், கோயிம்ப்ரா, கடைசியாக வாலமார் என்ற மீன்பிடி ஊர், மூன்று இடத்தில் நிகழ்ச்சி. அந்த ஊர்ப் பாஷை மார்சியோவுக்குத் தாய்ப்பால் மாதிரி. முரசுகளைக் கப்பலில் முன்னாலேயே அனுப்பிவிட்டு நாங்கள் விமானம் ஏறினோம்.

வினை லிஸ்பன் விமான நிலையத்திலேயே வந்தது. பெரிய முரசு அடிக்கிற ஓனிஷி வலைப் படகுக்காரர், எருமைக்கடா மாதிரி உடம்பு. வெறுங்கையோடு அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவது எங்கள் ஊரில் திருட்டுக்கு அடுத்தபடி. அதனால் அவர் ஒரு சூட்கேஸ் முழுக்கப் பரிசுப் பொருள் அடைத்துக்கொண்டு வந்திருந்தார்: நண்டு பிஸ்கட், ஊறுகாய், கண்ணாடி துடைக்கிற துணி, இன்னும் என்னென்னவோ. அந்தச் சூட்கேஸை ஓடுகிற பட்டையிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தார். முதுகில் 'கடக்' என்றது. அப்படியே தரையில் மல்லாந்துவிட்டார். மல்லாந்தபடியே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.

"போதும் ஓனிஷிசான், அவங்களுக்கு நீங்க யாருன்னே தெரியாது" என்று மார்சியோ அவர் பக்கத்தில் குந்தினான். பெயரோடு 'சான்' சேர்ப்பது எங்கள் ஊர் மரியாதை. "இனி நீங்க முரசுப் பக்கமே போகக் கூடாது." பிறகு நிமிர்ந்து எங்களை ஒரு சுற்றுப் பார்த்தான். பார்வை நோபுயோவிடம் வந்து நின்றது. "நோபுயோசான், உங்களுக்கு எல்லாப் பாட்டும் அத்துப்படி. பெரிய முரசு நீங்க அடிக்கிறீங்களா?"

கேட்டேவிட்டான்! எத்தனை வருஷமாகக் காத்திருந்த கேள்வி! ஆனால் நோபுயோவின் அந்தக் கையைப் பாருங்கள், அது தானாக எழுந்து முகத்துக்கு முன்னால் விசிற ஆரம்பித்தது.

"ஐயையோ, நானா! என்னங்க நீங்க! எனக்கெங்க அதெல்லாம் வரும். வேண்டாம் வேண்டாம்."

சொல்லிவிட்டு நின்றாள். அடுத்த பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது: 'என்னைவிட நல்லா அடிக்கிறவங்க இருக்காங்களே.' அதற்கு அடுத்ததும் தயார்: 'சரி, இவ்வளவு தூரம் சொல்றீங்க.'

"சரி" என்றான் மார்சியோ. அந்தப் பக்கம் திரும்பிவிட்டான். "கோஹெய், நீ அடிக்கிறியா?"

கோஹெய் துறைமுகத் தெருவில் முடி வெட்டுகிற கடை வைத்திருப்பவன். முப்பத்தைந்து வயது, குச்சி உடம்பு, பயந்த சுபாவம். அவன் வயசுக்காரனிடம் தலைவர் கேட்டால் அது கேள்வியில்லை, உத்தரவு. போதாததற்கு நோபுயோ மறுத்து, அந்த மறுப்பு அப்படியே பலித்ததையும் கண்ணால் பார்த்துவிட்டான். "சரிங்க!" என்று உடம்பை இரண்டாக மடித்துக் குனிந்தான். விஷயம் முடிந்துவிட்டது. நோபுயோ மட்டும் சூட்கேஸைப் பிடித்துக்கொண்டு, பஸ் போன பிறகு வந்த பயணி மாதிரி நின்றாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஹருமி பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, உனக்கு மூளை கீளை இருக்கா?"

"அவன் இன்னொரு தடவை கேப்பான்னு நெனச்சேன்."

"யாரு, மார்சியோவா? மூணு வருஷத்துக்கு முன்னாடி விருந்துல பீர் வேண்டாம்னு சொன்னியே. இன்னைக்கு வரைக்கும் வந்துச்சா?"

"இப்ப என்னடி செய்ய?"

"எழுந்து போயி, 'நான் அடிக்கிறேன்'னு சொல்லு."

"எப்படிடி சொல்லுவேன்! கோஹெய் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு பெரிய இடம் கிடைச்சிருக்கு. அவன் கையில இருக்கிறதைப் பிடுங்கின மாதிரி ஆயிடாதா?"

ஹருமி உதட்டைப் பிதுக்கினாள். அவளாக இருந்தாலும் போய்ச் சொல்லியிருக்க மாட்டாள் என்பது அவளுக்கே தெரியும். "சரி, விடு. ஜாடையா சொல்லிப் பார்ப்போம்" என்று எழுந்து முன்சீட்டுக்குப் போனாள்.

"மார்சியோ, பெரிய முரசுன்னா கொஞ்சம் வயசான முதுகா இருந்தாத்தான் ஒரு கம்பீரம், இல்ல?"

"வயசான முதுகோட லட்சணத்தைத்தான் பாத்தோமே" என்று மார்சியோ கடைசி சீட்டைக் காட்டினான். அங்கே ஓனிஷி நீட்டிப் படுத்திருந்தார். அவரும் சும்மா இல்லை. நோபுயோவின் முகம் விழுந்ததைக் கவனித்த மனுஷர். படுத்தபடியே குரல் கொடுத்தார்: "டேய் மார்சியோ, எங்கப்பா காலத்துல எதையும் மூணு தடவை கேப்பாங்கடா."

"அப்படியா? காது மந்தம் போல."

ஜாடை பேசுவது எங்களுக்குக் கைவந்த கலை. ஆனால் எதிரில் இருப்பவனுக்கும் கொஞ்சம் வர வேண்டுமே. வழியில் பஸ் நின்ற இடத்தில் நோபுயோவே துணிந்து ஒரு முயற்சி செய்தாள். மார்சியோவின் பக்கத்தில் போய் நின்று, வானத்தைப் பார்த்து, "கோஹெய்க்குப் பாவம், திடீர்னு இவ்வளவு பெரிய பாரம்" என்றாள். இதைவிடத் தெளிவாக ஒரு பொம்பிளை எப்படிச் சொல்வது? மார்சியோ உருகிப்போனான். "உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு நோபுயோசான்! நீங்க கவலைப்படுறீங்கன்னு அவன்கிட்ட சொல்றேன்" என்றான். சொல்லியும் விட்டான். அரை நாழிகையில் கோஹெய் வந்து அவள் முன்னால் இடுப்பு ஒடியக் குனிந்தான்.

"அக்கா, உங்களுக்குக் கவலை குடுத்ததுக்கு மன்னிச்சிடுங்க. உயிரைக் கொடுத்து அடிக்கிறேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, நல்லா அடி" என்றாள் நோபுயோ. அவளுக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

லிஸ்பன் அரங்கம் நிறைந்து வழிந்தது. கோஹெய் பெரிய முரசின் முன்னால் நின்றபோது அவன் முதுகு தெரியவில்லை, சட்டைதான் தெரிந்தது. ஆரம்பம் பரவாயில்லை. பாதியில் எல்லாம் மறந்துபோய், இரண்டு கையையும் தூக்கியபடி சிலை மாதிரி நின்றுவிட்டான். பெரிய முரசிலிருந்து சத்தமே இல்லை. பின்னாலிருந்து நோபுயோ சட்டென்று தெகெ தெகெவை ஏற்றி, அலை எழும்புகிற மாதிரி பெருக்கி, மறுபடி மெல்ல இறக்கி, அவனுக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள். அவன் விழித்துக்கொண்டு 'தொன்' என்று இறங்கினான். ஜனங்கள் அதுவும் பாட்டில் ஒரு கட்டம் என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள்.

திரைக்குப் பின்னால் மார்சியோ ஓடி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "இன்னைக்கு நீங்கதான் காப்பாத்தினீங்க! உங்களை அந்த இடத்தைவிட்டு நகர்த்தாதது எவ்வளவு நல்லதாப் போச்சு!"

நோபுயோ கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை அழுகையாக வந்தது. கோபமும் வந்தது, முதலில் மார்சியோ மேல், பிறகு கோஹெய் மேல், கடைசியில் தன்னுடைய அந்தக் கையின் மேல்.

கோயிம்ப்ராவில் நிலைமை இன்னும் மோசம். கோஹெய் ஓங்கிய வேகத்தில் ஒரு கோல் கையைவிட்டுப் பறந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலைப் பெரியவரின் மடியில் போய் விழுந்தது. எங்கள் குழு மொத்தமும் அடிப்பதை நிறுத்தி அவரைப் பார்த்துக் குனிந்தது. பாட்டு நடுவில் அப்படி ஒரு வணக்கத்தை அந்த மனுஷர் எதிர்பார்க்கவில்லை. அவரும் எழுந்து குனிந்தார். அவர் குனிந்தால் நாங்கள் சும்மா இருக்க முடியுமா? மறுபடி குனிந்தோம். இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும், நோபுயோ மட்டும் தெகெ தெகெவை எடுக்காமல் இருந்திருந்தால்.

மறுநாள் வாலமாருக்கு வந்து சேர்ந்தோம். சாயங்காலம் துறைமுகச் சதுக்கத்தில் கடைசி நிகழ்ச்சி. மத்தியானச் சாப்பாடு லூர்திஸ் என்ற அம்மாவின் வீட்டு முற்றத்தில். படகுக்காரர் மனைவி, கணீர்க் குரல். கரி அடுப்பில் சாளை மீன் சுட்டுச் சுட்டுத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். முதல் தட்டை முடித்ததும் நோபுயோவுக்கு வயிறு நிரம்பிவிட்டது. "வேண்டாம்" என்று கையை ஆட்டினாள். இரண்டு சாளை விழுந்தது. "ஐயோ, வேண்டாங்க." உருளைக்கிழங்கு விழுந்தது. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அந்த அம்மா தட்டைப் பிடுங்கி ரொட்டியை வைத்து, கன்னத்தையும் ஒரு கிள்ளுக் கிள்ளிவிட்டுப் போனாள்.

"மார்சியோ," என்று நோபுயோ கெஞ்சினாள், "எனக்கு நிஜமாவே வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லுங்களேன்."

"நான் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. இவங்களுக்கு வேண்டாம்னா வேணும்னு அர்த்தம்" என்று சிரித்தான் மார்சியோ. சிரிப்பு அடங்கியதும், மீனின் முள்ளை எடுத்தபடி, அவன் வழக்கமாகப் பேசாத ஒன்றைப் பேசினான். "நான் ஜப்பானுக்கு வந்த புதுசுல தொழிற்சாலை விடுதியில இதே கதைதான். எனக்குக் குடிச்சா ஆகாது. வேண்டாம்பேன். 'அட, சும்மா வெட்கப்படுறான்'னு ஊத்துவாங்க. மறுபடி வேண்டாம்பேன், மறுபடி ஊத்துவாங்க. நான் சொல்ற வார்த்தையை ஒருத்தரும் நம்பல. ரொம்ப அவமானமா இருந்துச்சு நோபுயோசான். அப்பவே முடிவு பண்ணினேன், யார் எங்கிட்ட வேண்டாம்னாலும் அதை அப்படியே நம்பணும்னு. அதுதானே ஒரு ஆளுக்குக் கொடுக்கிற மரியாதை?"

நோபுயோ கையிலிருந்த சாளையைத் தட்டில் வைத்துவிட்டாள். இந்த மனுஷனையா இத்தனை நாளும் மனசுக்குள் மண்டு, மரக்கட்டை என்று திட்டித் தீர்த்தோம்? அவன் அவள் வார்த்தைக்கு மரியாதை கொடுத்தான். அவள்தான் தன் வார்த்தைக்குக் கொடுக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்றைக்குச் சாயங்காலம் போனால் மூட்டை கட்டிவிடுவார்கள். ஓனிஷி முதுகு ஊருக்குப் போனதும் சரியாகிவிடும். இன்னொரு தடவை இந்த ஜென்மத்தில் யார் கேட்கப் போகிறார்கள்?

சாப்பாடு முடிந்ததும் மார்சியோ நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னான். குறை சொல்லும் கூட்டம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பிறகு எங்கள் குழு உட்கார்ந்து, ஒவ்வொருவரும் எழுந்து அவரவர் செய்த தப்பை அவரவர் வாயால் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். பூமி பிளந்தாலும் இதை விட மாட்டோம். கோயிம்ப்ராவுக்கான கூட்டம் பாக்கி இருந்தது. லூர்திஸ் அம்மா ஏதோ ஜெபம் நடக்கப் போகிறது என்று நினைத்து அடுப்பை மூடிவிட்டு ஓரமாகக் கைகட்டி நின்றாள்.

ஹருமி தனக்குத் தம் கட்டவில்லை என்று சொல்லி உட்கார்ந்தாள். ஓனிஷி முதுகுக்காக மறுபடி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் எல்லாரும் சேர்ந்து அவரை அடக்கினோம். கோஹெய் எழுந்தான். "எல்லாமே என் தப்பு" என்றான். "பரவாயில்ல, உன்கிட்ட ஒரு துடிப்பு இருக்கு" என்று மார்சியோ தட்டிக்கொடுத்து உட்காரவைத்தான்.

அடுத்தது நோபுயோ. வழக்கமாக அவள் சொல்வது ஒரே வாக்கியம்: 'தாளம் கொஞ்சம் ஓடிப்போச்சு, மன்னிச்சிடுங்க.' எழுந்து நின்றாள். கை எழும்பப் பார்த்தது. இன்னொரு கையால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆசையைச் சொல்ல அவளுக்குத் தெரியாதுதான். மன்னிப்புக் கேட்கத் தெரியுமே!

"நான் ஒரு பொய் சொல்லிட்டேன்" என்றாள். "விமான நிலையத்துல மார்சியோசான் கேட்டப்ப வேண்டாம்னு சொன்னேன். அது பொய். எனக்கு வேணும். ரொம்ப வருஷமா வேணும். படகுக் கொட்டகையில டயரைப் போட்டு அடிச்சிக்கிட்டு இருக்கேன், யாருக்கும் தெரியாம. கோஹெய் தம்பி, உங்கிட்ட இருந்து அதைப் பிடுங்கணும்னு எனக்குத் தோணுச்சு. லிஸ்பன்ல நீ தப்பு பண்ணினப்ப, உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. பெரிய தப்பு. என்னை மன்னிச்சிடுங்க. இதுதான் என் குறை."

குனிந்தவள் நிமிரவில்லை. திடீரென்று தொப்பென்று ஒரு சத்தம். கோஹெய் நாற்காலியிலிருந்து தரையில் விழுந்து, கல்லில் நெற்றி படக் குனிந்துகொண்டிருந்தான்.

"அக்கா! எடுத்துக்குங்க அக்கா! இப்பவே எடுத்துக்குங்க! நான் அன்னைக்கே வேண்டாம்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சரிங்கன்னு வந்துடுச்சு! தூக்கம் இல்ல, சோறு இறங்கல, கை நடுங்குது. இந்தக் கையோட ஊருக்குப் போயி எவன் கழுத்துல சவரக் கத்தி வைப்பேன்!"

முதலில் சிரித்தது ஓனிஷி. சிரித்து, முதுகு வலித்து, 'ஐயோ' என்று அலறி, மறுபடி சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. கோஹெய் அழுதுகொண்டே சிரித்தான். நோபுயோவும் அப்படியே. லூர்திஸ் அம்மா ஜெபம் பலித்துவிட்டது என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

சிரிக்காதவன் மார்சியோ ஒருவன்தான். தலையைப் பிடித்துக்கொண்டு வட்டத்தின் நடுவில் நின்றான். "இருங்க, இருங்க. இவங்க வேண்டாம்னு சொன்னா வேணும். இவன் சரின்னு சொன்னா வேண்டாம். அப்படியா?"

"இருபது வருஷமா எங்க ஊர் சோத்தைத் திங்கிற, இதுகூடத் தெரியலையாடா?" என்றார் ஓனிஷி.

மார்சியோவின் முகத்தில் ஏதோ மெல்லப் புலர்ந்தது. எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். "அப்ப... அந்த பீரெல்லாம்? இத்தனை வருஷமும் எல்லாருக்கும் பீர் வேண்டியிருந்துச்சா?"

எல்லாரும் அவரவர் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "வேண்டித்தான் இருந்துச்சு" என்றாள் ஹருமி.

"கடவுளே!" என்று உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மரியாதையாக நோபுயோவின் முன்னால் வந்து நின்றான். "சரி. நோபுயோசான், நான் இரண்டாவது தடவையாக் கேக்குறேன்..."

"கேக்காதீங்க" என்றாள் நோபுயோ. "நான் அடிக்கிறேன்."

வெயில் சாயும் நேரத்துக்குச் சதுக்கத்தில் கால் வைக்க இடமில்லை. படகுக்காரர்கள், மீன் விற்கிறவர்கள், தோளில் குழந்தைகளோடு அப்பன்கள். கோஹெய் பின்வரிசையில் முழங்காலிட்டுச் சின்ன முரசின் முன்னால் உட்கார்ந்திருந்தான். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு சிரிப்பு இருக்காது. அவன் தெகெ தெகெ என்று எடுத்துக் கொடுத்தான். நோபுயோ நடுவில் போய் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கால்களை அகட்டி ஊன்றினாள். முரசின் முகம் அவள் முகத்துக்கு மேல் நிலா மாதிரி நின்றது. பயமாகத்தான் இருந்தது. கையை ஓங்கினாள்.

டயர் அடியை விழுங்கிவிடும். எத்தனை வாங்கினாலும் திருப்பித் தராது. இது அப்படியில்லை. முதல் அடியையே இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தது. உள்ளங்கை வழியாக, தோள் வழியாக, பல் வழியாக, நேராக வயிற்றுக்குள். நோபுயோ வாய்விட்டுச் சிரித்தாள். ஜனங்களுக்கு அது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நனைந்த சட்டை ஒட்டிய ஒரு நடுவயதுக்காரியின் முதுகும், அதில் திரண்டு திரண்டு இறங்கிய தோளும்தான். நடுவில் ஓரிடத்தில் தப்பும் வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று அடுத்த அடிக்குப் போனாள். ஹருமி புல்லாங்குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தான் வாசிக்க வேண்டிய இடம் வந்ததுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

கடைசி அடி கடலுக்கு மேல் போய் அடங்கியது. பிறகு சதுக்கம் வெடித்தது. தொப்பிகள் பறந்தன. ஜனங்கள் காலால் கல்லைத் தட்டி, ஒரே குரலாக எதையோ கத்தினார்கள்.

"இன்னொண்ணு அடிக்கச் சொல்றாங்க" என்றான் மார்சியோ.

எங்களுக்கு முறை தெரியும். முதல் தடவை கேட்டதும் எவனாவது அடிப்பானா? வரிசையாக முன்னால் வந்து, ஆழமாகக் குனிந்து, கையை ஆட்டி, 'ஐயோ, எங்களுக்கெங்க' என்று பின்வாங்க வேண்டும். அவர்கள் மறுபடி கூப்பிட வேண்டும். குழு மொத்தமும் வரிசையில் வந்து குனிந்தது. மார்சியோவும் எங்களோடு குனிந்தான். குனிந்தபடியே பக்கத்திலிருந்த ஹருமியிடம் ரகசியமாக, "இப்ப நாம வேண்டாம்னு சொல்லணும், இல்ல? எத்தனை தடவை?" என்று கேட்டான்.

அவள் பதில் சொல்லத் தலையைத் திருப்பியபோதுதான் வரிசையில் நோபுயோ இல்லை என்பது தெரிந்தது. அவள் பெரிய முரசை விட்டு நகரவே இல்லை. எங்கள் தலை நிமிர்வதற்குள் 'தொன்' என்று முதல் அடி விழுந்துவிட்டது. கோஹெய் விழுந்தடித்துக்கொண்டு சின்ன முரசை நோக்கி ஓடினான்.